ஊசிக்காது

மார்ச் 4

பட்டை தீட்டும் தம்பிக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. என் மகளைத் தெரிந்திருக்கும். 'சில்லு' என்ற பெயரில் உங்கள் தொழில் பத்திரிகையில் கற்களுக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்தவள். சின்ன வயதில் கையில் எதைக் கொடுத்தாலும் கீழே போட்டுச் சில்லு சில்லாக்குவாள். அதில் வந்த பெயர். போன மழைக்காலத்தில் இறந்துவிட்டாள்.

நான் தையல்காரி. முன்னறையில் என் மெஷின், சுவரோரம் அவளுடைய சாணை மெஷின். இரண்டும் சேர்ந்து ஓடினால் மாவு மில் வைத்திருக்கிறீர்களா என்று தெருவில் கேட்பார்கள். இப்போது ஒன்றுதான் ஓடுகிறது.

இத்துடன் ஒரு கல்லைத் துணிக்குள் வைத்துத் தைத்து அனுப்பியிருக்கிறேன். கத்தரிப்பூ நிறம். 'ஊசிக்காது' டிசைனுக்கென்றே அவள் வாங்கி வைத்த கல், தீட்ட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதுதான் அவளுடைய கடைசி டிசைன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி போட்டது. பெயரைப் பார்த்தாலே யாருக்காகப் போட்டாள் என்று தெரியும்.

பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் உங்கள் விளம்பரத்தைப் பார்த்தேன். மற்றவர்கள் வெளியிட்ட டிசைன்களிலும் தீட்டித் தருவீர்கள் என்று போட்டிருந்தது. அவளும் ஒருமுறை உங்களைப் பற்றி, "அவர் கை சுத்தம்மா" என்று சொல்லியிருக்கிறாள். திருட மாட்டார் என்கிறாளாக்கும் என்று நினைத்தேன். வேலை சுத்தத்தைச் சொல்கிறாள் என்று பிறகுதான் விளங்கியது.

அந்தக் கல்லைப் பத்திரிகையில் அச்சில் உள்ளபடியே தீட்டித் தாருங்கள். ஒரு நூல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். கல்லோடு ஒரு தாளில் டிசைன் போட்டவர் பெயரை எழுதித் தருவது உங்கள் வழக்கமாமே. அதில் சில்லு என்று எழுதுங்கள். வேறெதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
சில்லுவின் அம்மா


மார்ச் 15

அம்மாவுக்கு வணக்கம்.

கல் பத்திரமாக வந்து சேர்ந்தது. உங்கள் தையலைப் பிரிக்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

சில்லுவின் மறைவைப் பத்திரிகையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் பார்த்தேன். யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் இருந்துவிட்டேன். அவருடைய வடிவங்கள் சிலவற்றைத் தீட்டியிருக்கிறேன். முதன்முதலில் அவருக்கு எழுதியபோது, பெரியவர் யாரோ என்று எண்ணி 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கினேன். 'ஐயா இப்போதான் காலேஜ் முடிச்சிருக்கார்' என்று பதில் வந்தது. அந்தத் தாளை வெகுநாள் ஜன்னலில் ஒட்டி வைத்திருந்தேன்.

என் அறை மாடியில் இருக்கிறது. கீழே சைக்கிள் பழுது பார்க்கும் கடை. கல்லை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். ஒரு முனையில் நிறம் அடர்ந்தும் மறுமுனையில் வெளிறியும் இருக்கிறது. ஓரத்தில் ஒரு கீறல் உண்டு. தீட்டும்போது அது போய்விடும். நல்ல கல்லாகப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்.

ஒரு விண்ணப்பம். 'ஊசிக்காது' வேண்டாமே. அவருடைய 'இரட்டைக்கதவு' வடிவம் இந்தக் கல்லில் மிக அழகாக வரும். அந்தப் பக்கத்தையும் நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். 'ஊசிக்காது'தான் வேண்டுமென்றால், சில கோணங்களைச் சற்றே நகர்த்த எனக்கு அனுமதி தர வேண்டும். கல்லுக்குத் தக்கபடி நகர்த்துவது தொழிலில் சாதாரணம். ஆனால் நகர்த்திவிட்டால் தாளில் அவர் பெயரை மட்டும் எழுத முடியாது. மாற்றியவர் இன்னார் என்றும் எழுதியாக வேண்டும். உயிரோடு இருப்பவர் என்றால் ஒரு வரி எழுதிக் கேட்டுக்கொள்வோம்.

யோசித்து எழுதுங்கள்.

பட்டை தீட்டுபவன்


மார்ச் 23

தம்பிக்கு,

யோசிக்க ஒன்றும் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உங்களுக்கு வராவிட்டால் வரவில்லை என்று எழுதுங்கள், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன். அவள் போட்டதில் குறை சொல்லாதீர்கள்.

'ஊசிக்காது' வந்த பத்திரிகைப் பக்கம் என் மெஷினுக்கு மேலே தொங்குகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். அவள் கட்டிலில் இருந்தபோதே பத்திரிகை வந்துவிட்டது, அப்போது தொடங்கிய பழக்கம். நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரி, தரை துடைக்க வருகிறவர், ஒருவரையும் விட்டதில்லை. ரவிக்கை அளவு எடுக்கும்போது 'போதும் அம்மா' என்று நூறு தடவை சொல்கிறவள், அதற்கு மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள்.

மாற்றியவர் இன்னார் என்று உங்கள் பெயரும் அதில் வர வேண்டுமா? சொந்தமாக ஒரு டிசைனாவது போட்டிருக்கிறீர்களா நீங்கள்? அடுத்தவர் போட்டதில் பிழைக்கிறவருக்குச் செத்தவள் டிசைனில் கைவைக்கத் தோன்றுகிறது. அவளால் எழுந்து வந்து கேட்க முடியாது. நான் கேட்கிறேன்.

அச்சில் உள்ளபடி தீட்டுங்கள். இல்லையென்றால் கல்லைத் திருப்பி அனுப்புங்கள்.

சில்லுவின் அம்மா


ஏப்ரல் 9

அம்மாவுக்கு,

கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, நான் சொந்தமாக ஒரு வடிவமும் போட்டதில்லை. முயன்றிருக்கிறேன். தாளில் நன்றாக இருக்கும், கல்லில் ஏறினால் செத்துப்போகும். அது ஒரு வரம், எனக்கு வாய்க்கவில்லை. அதனால்தான் அது வாய்த்தவர்கள் பெயரைத் தாளில் பெரிதாக எழுதுகிறேன். உங்கள் மகள் பெயரையும் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன்.

இத்துடன் ஒரு கண்ணாடித் துண்டை அனுப்புகிறேன். 'ஊசிக்காது'தான். அச்சில் உள்ள கோண எண்களை அப்படியே வைத்து, ஒரு நூல் கூடாமல் குறையாமல் தீட்டியது. சில்லுவின் லென்ஸ் வீட்டில் இருக்கும். கண்ணாடியைக் கவிழ்த்துப் பிடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பட்டைகள் எல்லாம் ஒரே புள்ளியில் கூட வேண்டும். கூடுகின்றனவா என்று பாருங்கள்.

பார்த்த பிறகும் இப்படியே வேண்டுமென்றால் எழுதுங்கள். கல் உங்களுடையது. தீட்டித் தருகிறேன், அவர் பெயரையும் எழுதித் தருகிறேன். அந்தத் தாளை நாளைக்கு யாராவது பிரித்துப் பார்த்து, சில்லுவின் வேலை இவ்வளவுதானா என்று நினைக்கக் கூடாதே என்பதுதான் என் கவலை. வேறு காரணம் கேட்காதீர்கள்.

பட்டை தீட்டுபவன்


ஏப்ரல் 20

தம்பிக்கு,

கண்ணாடியைப் பார்த்தேன். ரவிக்கையில் அக்குளில் நான்கு தையல் வந்து சேரும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் மேலே எத்தனை ஜரிகை வைத்தாலும் பயனில்லை. இதில் பொருந்தவில்லை. முடி அளவுக்கு ஒரு பிசிறு நடுவில் ஓடுகிறது. என்னிடம் வேலை செய்கிற பெண் இப்படித் தைத்திருந்தால் பிரித்துப் போடச் சொல்லியிருப்பேன்.

அப்போதும் உங்கள் கையில்தான் கோளாறு என்று நினைத்தேன். சண்டைக்கு எழுதலாம் என்று, நீங்கள் அனுப்பிய 'இரட்டைக்கதவு' பக்கத்தையும் சுவரில் இருந்த பக்கத்தையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எனக்கு உங்கள் கணக்கு ஒன்றும் புரியாது. எண்களைப் படிக்கத் தெரியும். 'இரட்டைக்கதவில்' 41.7, 38.4, 62.9 என்று போகிறது. 'ஊசிக்காதில்' 42, 43.5, 61, 38. ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தேன். எல்லாம் முழுசு, இல்லாவிட்டால் அரை. வேறொன்றும் இல்லை. நான் டேப்பில் அளவெடுத்து எழுதுகிற மாதிரி.

அதை எழுதியது நான், தம்பி.

படத்தை அவளே போட்டுவிட்டாள். எண்கள் எழுதும் சமயத்தில் விரல் பென்சிலைப் பிடிக்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். புள்ளி ரெண்டு, புள்ளி ஆறு என்பாள். அரைக்குக் கிட்டே என்றால் அரை என்றும், இல்லையென்றால் முழுசு என்றும் என் கை எழுதிக்கொண்டே போனது. வேண்டுமென்று செய்யவில்லை. அளவெடுக்கும்போது அரைக்குக் கீழே நான் எழுதுவதில்லை. துணி இழுத்தால் கொஞ்சம் கொடுக்கும். கல் கொடுக்காது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டலாம் என்று பார்த்தால் தூங்கிவிட்டாள். வலியில்லாமல் தூங்குகிறவளை எழுப்ப மனம் வராமல் தபாலில் போட்டுவிட்டேன்.

குறை சொல்லாதே என்று உங்களைத் திட்டினேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுத எனக்கு வராது, நீங்களாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். பத்திரிகை வந்த அன்று அந்தப் பக்கத்தை அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டி, "நல்லா வந்திருக்கும்மா" என்றாள். அவளுக்குத் தெரியுமா? தெரியாது என்று உங்களால் எழுத முடியுமானால் எழுதுங்கள். ஆனால் எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று பொய் எழுதாதீர்கள்.

சில்லுவின் அம்மா


மே 11

அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சாணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு யார் யாருடைய கற்களையோ தீட்டிக்கொண்டிருந்தேன். பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம்.

அவருக்குத் தெரியும்.

அந்த இதழ் வந்ததும் ஒரு வாடிக்கையாளர் 'ஊசிக்காது' கேட்டார். முதலில் கண்ணாடியில் தீட்டிப் பார்ப்பது என் வழக்கம். கூடவில்லை. சில்லுவின் வடிவத்தில் அப்படி நடக்காது என்பதால் என் மெஷினைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். பிறகு பத்திரிகையில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவரேதான் எடுத்தார். குரல் சன்னமாக இருந்தது. ஜலதோஷம் என்றார். நானும் நம்பிவிட்டேன்.

எண்கள் பொருந்தவில்லையே என்று சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆமாண்ணா, நான்தான் கவனிக்கல. ஆனா திருத்தம் எதுவும் இப்ப அனுப்பாதீங்க. அம்மா அந்தப் பக்கத்த வர்றவங்க எல்லார்கிட்டயும் காட்டிட்டு இருக்காங்க. காட்டி முடிக்கட்டும்."

உங்கள் கை எழுதியது என்று ஒரு சொல் சொல்லவில்லை. தன் பிழை என்றே சொன்னார். அம்மா காட்டுவதற்கும் திருத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அன்று புரியவில்லை. தன் தவறு வெளியே தெரியக் கூடாது என்று சின்னப் பெண் வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் விளங்கியது. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நானும்தான்.

அந்த வடிவத்தைத் தீட்டிப் பார்த்துச் சலித்த வேறு இருவர், சில்லுவின் கணக்கு தளர்ந்துவிட்டது என்று என்னிடமே சொன்னார்கள். வாயில் கொழுக்கட்டை வைத்தவன் போல நின்றேன். அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதானே. நீங்கள் எழுதியபோதும் அதைக் காப்பாற்றத்தான் 'இரட்டைக்கதவு', அது இது என்று சுற்றி வளைத்தேன்.

அன்று போனை வைக்கும் முன், சரியான எண்களையாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். இரண்டைத்தான் சொன்னார். அடிப்பக்கத்துக்கு நாற்பத்திரண்டு புள்ளி இரண்டு, மேல்பக்கத்துக்கு முப்பத்தேழு புள்ளி எட்டு. அதற்குள் மூச்சு வாங்கியது. "மத்ததெல்லாம் அதுலேர்ந்து நீங்களே புடிச்சிடுவீங்க" என்றார். உண்மைதான். எல்லாப் பட்டையும் ஒரு புள்ளியில் கூடியாக வேண்டும் என்பதால், ஒன்று சரியாகத் தெரிந்தால் மற்றவை வேறு எங்கும் போக முடியாது. இந்த வாரம் உட்கார்ந்து பிடித்துவிட்டேன். நீங்கள் எழுதிய ஒவ்வொரு எண்ணுக்கும் ஒட்டினாற்போலவே அவருடைய எண் இருந்தது. அதிக தூரம் போய்விடவில்லை, அம்மா.

இனி இது நான் செய்த மாற்றம் ஆகாது. தாளில் அவர் பெயரை மட்டும் எழுதலாம். நீங்கள் சொன்னால் தீட்டுகிறேன். பத்திரிகைக்கும் அச்சுப்பிழை என்று ஒரு வரி எழுதிவிடலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

பட்டை தீட்டுபவன்


ஜூன் 18

தம்பிக்கு,

தீட்டுங்கள்.

இத்தனை நாள் மெஷினில் உட்கார முடியவில்லை. பள்ளிக்கூடச் சீருடைகள் குவிந்து கிடக்கின்றன, ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. ஒவ்வொருவரிடமும் அந்தப் பக்கத்தை நீட்டி, இது சிக்கலான கணக்கு, லேசில் யாருக்கும் வராது என்று நான் அளந்துகொண்டிருக்கும்போது, தப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே அவள் கட்டிலில் கிடந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே திருத்தி எழுதிப் போட்டிருப்பேனே. அவள் பெயரும் கெட்டிருக்காது. நான் மனம் உடைந்துபோவேன் என்று நினைத்தாளா? என்னைச் சின்னப் பிள்ளை போல நடத்தியிருக்கிறாள். அவள்மேல் கோபமாக இருக்கிறது. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்றுதான் தெரியவில்லை.

பத்திரிகைக்கு எழுதுங்கள். அச்சுப்பிழை என்று போடக் கூடாது. அச்சடித்தவர் என்ன பாவம் செய்தார்? சில்லு சொன்ன எண்களை அவளுடைய தாயார் தவறாக எழுதிவிட்டார், தாயார் தையல்காரர் என்று போடச் சொல்லுங்கள். தையல்காரர் என்பது கட்டாயம் வர வேண்டும். ஏன் அரையும் முழுசுமாக இருந்தது என்று உங்கள் ஆட்களுக்கு அப்போதுதான் விளங்கும்.

சில்லுவின் அம்மா


ஜூலை 27

அம்மாவுக்கு,

கல்லை இத்துடன் அனுப்புகிறேன். உங்களைப் போலத் தைக்க வராததால் பஞ்சில் பொதிந்து டப்பாவில் வைத்திருக்கிறேன்.

கடைசிப் பட்டையைத் தீட்டியதும் துடைத்துவிட்டு லென்ஸை எடுக்கத் தயங்கினேன். கீழே சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டு முதலில் அவரைப் பார்க்கச் சொன்னேன். அவருக்குக் கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. "நடுவுல எல்லாம் ஒண்ணா சேருது, அதத்தான் கேக்குறீங்களா?" என்றார். அதைத்தான் கேட்டேன்.

உங்கள் பெண் போட்ட வடிவத்தில் உங்கள் பெண் வாங்கிய கல். தாளில் 'சில்லு' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

திருத்தம் நீங்கள் சொன்ன சொற்களிலேயே இந்த இதழில் வந்திருக்கிறது. பத்திரிகைக்காரர் தயங்கினார். தாயார் விருப்பம் என்று சொன்னேன். சில்லுவைப் பற்றிக் குறைவாகப் பேசிய இருவரில் ஒருவர் நேற்று என்னைக் கூப்பிட்டார். புதிய எண்களில் தீட்டிப் பார்த்தாராம். வேறெதுவும் பேசாமல் வைத்துவிட்டார்.

பட்டை தீட்டுபவன்


ஆகஸ்ட் 6

தம்பிக்கு,

கல் வந்தது. அவள் லென்ஸை வைத்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு பிசிறு இல்லை. பகல் முழுக்க மெஷின் பலகைமேலே வைத்துக்கொண்டு தைத்தேன், சாயங்காலம் பாபின் டப்பாவில் வைத்து மூடினேன். உங்கள் கண்ணாடித் துண்டையும் தூர எறியவில்லை, அதுவும் பக்கத்திலேயே இருக்கிறது. ஒன்று அவள் சொன்னது, ஒன்று நான் எழுதியது.

திருத்தம் வந்த பக்கத்தையும் பார்த்தேன். சுவரில் பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டு என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். கழற்ற மனமில்லை. இப்போதும் வருகிறவர்களுக்குப் பழைய பக்கத்தைத்தான் காட்டுகிறேன். முன்பெல்லாம் என் மகள் போட்டது என்று சொல்லிக் காட்டுவேன். இப்போது, இந்த எண்களெல்லாம் தப்பு, தப்பாக எழுதியது நான், பார்த்துவிட்டும் நல்லா வந்திருக்கும்மா என்று சொன்னது என் மகள் என்று சொல்லிக் காட்டுகிறேன். சிலர் உட்கார்ந்து கேட்கிறார்கள். சிலர் ரவிக்கையை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

காட்டி முடிக்கட்டும் என்றாளே, தம்பி. நான் இன்னும் முடிக்கவில்லை.

சில்லுவின் அம்மா